எடுக்க ஆளில்லாத ஊரில் கண்தான அட்டை எதற்கு?

திருகோணமலை மாவட்டத்தில் சுகாதார சேவைகளுக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கும், இங்கே கண்தான முகாம்கள் நடத்தும் அமைப்புகளுக்கும்,

அடுத்த மாதம் இன்னொரு கண்தான முகாம் நடக்கப்போவதாக எங்கள் பாடசாலை மதிலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பெற்றோரை அழைத்து வரும்படி ஆசிரியர்களிடமும் சொல்லியிருக்கிறார்கள். நான் யாரையும் அழைத்து வரப்போவதில்லை. கண்தானத்துக்கு நான் எதிரானவன் அல்ல. இறந்த பின் கண்களைக் கொடுப்பதாகக் கையெழுத்திட்ட ஓர் அட்டை என் பணப்பையிலும் இருக்கிறது. ஆனால் நான் இரவு பத்து மணிக்கு இறந்தால் என் வீட்டார் யாரை அழைக்க வேண்டும், அவர் எத்தனை மணிக்குள் வருவார் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் இல்லாமல் மக்களிடம் கையெழுத்து வாங்குவது சரியில்லை என்பதால் இதைப் பகிரங்கமாக எழுதுகிறேன்.

என் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. கோயில் மண்டபமொன்றில் நடந்த முகாமில் அட்டை வாங்கினார். அது ஓர் உள்ளூர் அமைப்பு அச்சிட்ட அட்டை. வீட்டுக்கு வந்ததும் அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார். "முதல்ல அந்த நம்பருக்கு அடியுங்கோ, அழுறதெல்லாம் பிறகு" என்று எங்கள் எல்லோருக்கும் உத்தரவு. பகிடியாகச் சொல்வது போலத்தான் சொல்வார், ஆனால் அட்டையை அந்த இடத்திலிருந்து எடுக்க விடமாட்டார்.

கச்சான் என்கிற வறண்ட வெப்பக் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு நாள், விளக்கு வைக்கிற நேரத்தில், மாவட்டத்தின் அரச வைத்தியசாலை ஒன்றின் வாட்டில் அவர் மாரடைப்பால் இறந்தார். அந்த வைத்தியசாலையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அன்று கடமையில் இருந்த தாதியையோ சிற்றூழியரையோ யாரும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்பது என் நோக்கமல்ல. இப்படியான நேரத்தில் என்ன செய்வது என்று அவர்களுக்கு எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. என் முறைப்பாடே அதுதான்.

நாங்கள் அட்டையின் பின்பக்கத்தில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தோம். மணி அடித்து அடித்து நின்றது. அதில் இருந்த இன்னொரு இலக்கம் பாவனையில் இல்லை. தாதி தன் மேற்பார்வையாளரிடம் கேட்டார். கண் பிரிவு நாலு மணியோடு மூடிவிடும், இனிக் காலையில்தான் என்று பதில் வந்தது. காலை வரைக்கும் கண் பழுதாகாதா என்று அக்கா கேட்டா. ஆறு மணித்தியாலம் தாங்கும் என்றார் ஒருவர். ஒரு நாள் முழுக்க இருக்கும் என்றார் இன்னொருவர். இறந்த உடனேயே எடுக்க வேண்டும், இனி அதைப் பற்றி யோசித்துப் பயனில்லை என்றார் மூன்றாமவர். மூவரும் வைத்தியசாலைக்குள் வேலை செய்கிறவர்கள்.

எது சரி என்று அப்போது எனக்கும் தெளிவாகத் தெரியாது. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். கண்ணின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து பாகம் குறிப்பது என் தொழில். ஆனால் இதயம் நின்ற பிறகு அந்தக் கண்ணுக்கு என்ன ஆகிறது என்பது தரம் 11 பாடத்திட்டத்தில் இல்லை. பிறகுதான் தேடிப் படித்தேன். அதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்களில் வைத்தியர்கள் இருப்பீர்கள், உங்களுக்கு இது தெரிந்ததுதான். ஆனால் இரவுக் கடமைப் பட்டியலைத் தயாரிக்கிறவருக்கும், பிரேத அறைத் திறப்பை வைத்திருக்கிறவருக்கும் தெரிந்திருக்குமோ என்பது சந்தேகம்.

இரத்த ஓட்டம் நின்றதும் முதலில் மாறுவது கண்ணின் பின்பக்கம். விழித்திரையில் ஓடும் நுண்ணிய குழாய்களில் இரத்தம் சில நிமிடங்களிலேயே துண்டு துண்டாகப் பிரிந்து நின்றுவிடுகிறது. மரணத்தை உறுதிப்படுத்த உதவும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. விழித்திரைக்கு ஒட்சிசன் நிறையத் தேவை என்பதால் அதைக் காப்பாற்ற முடிவதில்லை. முழுக் கண்ணையும் எடுத்து இன்னொருவருக்கு வைத்துப் பார்வை கொடுக்க முடியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2023 இல் நியூயோர்க்கில் ஒரு முழுக் கண்ணையே பொருத்திப் பார்த்தார்கள். கண்ணுக்குள் இரத்தம் ஓடியது, பார்வை வரவில்லை. ஆகவே நம் ஊரில் பலர் நினைப்பது போல, தானமாகப் போகும் கண் அப்படியே இன்னொருவர் முகத்தில் உட்கார்ந்து உலகத்தைப் பார்ப்பதில்லை.

அடுத்தது கண்ணுக்குள் இருக்கும் அமுக்கம். உயிரோடு இருக்கும்போது அது ஏறத்தாழ 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் வரை இருக்கும். இறந்த பின் அது இறங்கிவிடும். சில மணித்தியாலங்களில் கண் தளர்ந்து, தொட்டால் மெத்தென்று இருக்கும்.

கண்ணின் முன்பக்கத்தில், கருவிழிக்கு மேலே கண்ணாடி போல இருக்கும் கோர்னியாவின் கதை வேறு. தானத்தில் பயன்படுவது முக்கியமாக அதுதான். நடுவில் அரை மில்லிமீற்றர் அளவுதான் தடிப்பு, குறுக்கே 11 அல்லது 12 மில்லிமீற்றர். அதற்குள் இரத்தக் குழாய்களே கிடையாது. தனக்கு வேண்டிய ஒட்சிசனைப் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்து கண்ணீர் வழியாக எடுக்கிறது. ஊட்டத்தைக் கண்ணுக்குள் முன்பக்கம் இருக்கும் நீரிலிருந்து எடுக்கிறது. அதனால் இதயம் நின்ற செய்தி அதற்குப் பிந்தித்தான் போய்ச் சேருகிறது. மற்ற உறுப்புகளைப் போல மூளைச்சாவு, செயற்கைச் சுவாசம், ஹெலிகொப்டர் எதுவும் தேவைப்படாமல், வீட்டுக் கட்டிலில் இறந்த ஒருவரிடமிருந்தும் அதை எடுக்கலாம்.

ஆனால் அதற்கும் தவணை உண்டு. கோர்னியாவின் உட்பக்கத்தில் ஒற்றை அடுக்காக உயிர்க்கலங்கள் இருக்கின்றன. வளர்ந்த ஒருவரிடம் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 2,500. கோர்னியாவுக்குள் ஊறி வரும் நீரை இரவும் பகலும் வெளியே இறைத்துக்கொண்டிருப்பதுதான் அவற்றின் வேலை. அந்த இறைப்பு நடப்பதால்தான் அது தெளிவாக இருக்கிறது. ஒரு கலம் செத்தால் அந்த இடத்துக்குப் புதியது பிறப்பதில்லை. மரணத்துக்குப் பிறகு இறைப்பு மெல்ல மெல்ல நின்று, கோர்னியா நீர் ஊறித் தடித்து, பால் போல மங்குகிறது. கலங்களின் எண்ணிக்கை 2,000க்குக் கீழே இறங்கிவிட்டால் பல கண் வங்கிகள் அந்தக் கோர்னியாவைப் பார்வைக்கான சத்திரசிகிச்சைக்கு எடுப்பதில்லை.

இமையும் இதில் சம்பந்தப்பட்டது. இறந்தவுடன் தசைகள் தளர்வதால் பலருக்கு இமை முழுவதும் மூடாது. அந்த இடைவெளியில் காற்றுப் படும் இடம் காய்ந்து, சில மணித்தியாலங்களில் வெள்ளை விழியில் பழுப்புக் கோடு விழும், பிறகு அது கறுக்கும். கோர்னியாவின் மேற்பரப்பும் அப்படியே காய்ந்து போகும். இமை நன்றாக மூடியிருந்தால் இந்த மங்கல் வெகுவாகத் தள்ளிப்போகும். இமையை மூடி, அதன் மேல் ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையணையால் தலையை ஒரு சாண் அளவுக்கு உயர்த்தி வைத்தால் போதும். இதற்கு மருந்தும் வேண்டாம், வைத்தியரும் வேண்டாம்.

பொதுவான கணக்கு, ஆறு மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும் என்பது. வெப்பமான இடங்களில் அதற்கும் முந்தினால் நல்லது. உடலைச் சீக்கிரமே குளிரில் வைத்தால் இன்னும் சில மணித்தியாலம் கிடைக்கும். வாட்டில் எங்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று பதில்களில் முதலாவதுதான் உண்மைக்குக் கிட்டியது. ஆனால் சொன்னவரே அதை ஊகமாகத்தான் சொன்னார்.

அன்று நடந்தது இதுதான். அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து யன்னல் வழியாகக் கச்சான் உள்ளே வந்துகொண்டிருந்தது. திருகோணமலையில் கச்சானை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், காலையில் தோய்த்த சேலை தேநீர் குடித்து முடிவதற்குள் காய்ந்துவிடும். இமைகள் பாதி திறந்தபடி இருந்தன. ஒழுங்கு விதிப்படி வாட்டில் வைக்கவேண்டிய நேரம் வரை அப்படியே வைத்து, பிறகு பிரேத அறைக்குக் கொண்டுபோனார்கள். குளிர்ப் பெட்டிகள் எல்லாவற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அம்மாவை வெளியே தள்ளுவண்டியிலேயே வைத்தார்கள். நாடியைக் கட்டினார்கள், கால் பெருவிரல்களைக் கட்டினார்கள், அதெல்லாம் ஒழுங்காக நடந்தது.

காலையில் கண் பிரிவிலிருந்து ஒருவர் வந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணும் பூ விழுந்தது போல வெளுத்திருந்தன. இடக்கண்ணில் அந்தப் பழுப்புக் கோடும் இருந்தது. "பிந்திட்டுது ஐயா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். வேறு என்ன சொல்வார்?

பிறகு அந்த வைத்தியசாலைக்கு எழுதிக் கேட்டேன். பதிலும் வந்தது, அதற்கு நன்றி. கண் எடுக்கப் பயிற்சி பெற்றவர் இரவுக் கடமையில் இல்லை, எடுத்த கண்ணை உடனே கொழும்புக்கு அனுப்ப வாகனம் இல்லை, உறவினரின் சம்மதப் படிவம் தமிழில் கைவசம் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. "வருங்காலத்தில் கவனத்தில் எடுக்கப்படும்" என்ற வழமையான வரியோடு கடிதம் முடிந்தது.

முதலில் வாகனத்தைப் பற்றிச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்த இடம் அது. கோர்னியாவை அதற்கென்றே உள்ள பாதுகாப்புத் திரவத்தில் போட்டு 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்தால் 14 நாள் வரை வைத்திருக்கலாம். அந்தத் திரவம் இல்லாமல், முழுக் கண்ணை ஈரப் போத்தலில் ஐஸில் வைத்தாலும் ஓரிரு நாள் தாங்கும். அதாவது அவசரம் எல்லாம் உடலிலிருந்து எடுக்கும் வரைக்கும்தான். எடுத்த பிறகு நேரம் இருக்கிறது. இங்கிருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவு ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது. கொட்பே துறைமுகத்தில் இறக்கிய மீன் ஐஸ் பெட்டியில் ஏறி, விடிவதற்கு முன் கொழும்பை அடுத்த பேலியகொடைச் சந்தைக்குப் போய்விடுகிறது. சூரை மீனுக்குக் கிடைக்கும் வாகனம் ஓர் உள்ளங்கை அளவுப் போத்தலுக்குக் கிடைக்காதா?

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. 1964 இல் இந்த நாட்டிலிருந்து முதன்முதலாகச் சிங்கப்பூருக்குக் கண்கள் போனது ஐஸ் போட்ட தேமஸ் போத்தலில்தான். அதற்குக் காரணமாக இருந்த வைத்தியர் ஹட்சன் சில்வா, மாணவராக இருந்த 1958 இலேயே கண்தானம் பற்றிப் பத்திரிகையில் எழுதத் தொடங்கியவர். தன் தாயார் இறந்தபோது அவருடைய கண்களையே தானமாகக் கொடுத்தார். 1961 இல் இலங்கைக் கண்தானச் சங்கத்தை ஆரம்பித்தார். அதற்குப் பிறகு இங்கிருந்து எத்தனையோ நாடுகளுக்குக் கண்கள் போயின. 1996 இல் இறந்த முன்னாள் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் கோர்னியாக்கள் ஜப்பானில் இரண்டு பேருக்குப் பார்வை கொடுத்தன. கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலையோடு தேசிய கண் வங்கியும் இயங்குகிறது. இப்படிப் பெயரெடுத்த நாட்டில்தான், ஒரு மாவட்டத்தின் வாட்டில் இறந்த ஓர் ஆசிரியையின் கண்கள் மின்விசிறிக் காற்றில் காய்ந்து போயின. நாட்டுக்குத் தெரிந்த வித்தை எங்கள் வாட்டுக்கு வந்து சேரவில்லை.

பயிற்சி பெற்றவர் இல்லை என்பது உண்மையான பிரச்சினைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண்ணை எடுப்பதற்குக் கண் சத்திரசிகிச்சை நிபுணர் தேவையில்லை. பல நாடுகளில் பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளர்கள்தான் எடுக்கிறார்கள். இருபது, முப்பது நிமிட வேலை. கருவிகள் ஒரு சிறிய பெட்டிக்குள் அடங்கும். கொஞ்சம் இரத்தமும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். தாதியர், மருத்துவ உதவியாளர் என்று ஆர்வமுள்ளவர்கள் இந்த மாவட்டத்தில் இல்லாமலா போய்விட்டார்கள்? அழைத்துக் கேட்டிருக்கிறீர்களா?

படிவம் பற்றி ஒரே ஒரு வரி. மனித இழைய மாற்றுச் சட்டம் இந்த நாட்டில் வந்தது 1987 இல், 48 ஆம் இலக்கச் சட்டம். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியதும் அதே 1987 இல்தான். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

இனி, எடுக்காமல் விட்டதால் யாருக்கு நட்டம் என்று பாருங்கள். தம்பலகாமத்தில் எனக்குத் தெரிந்த வயல்காரர் ஒருவர் இருக்கிறார். சூடடிப்புக் காலத்தில் அவருடைய கண்ணில் பதர் பட்டது. முதலில் தண்ணீரால் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தார். பிறகு யாரோ சொல்லி இலைச்சாறு விட்டார். பங்கசு பிடித்துப் புண்ணாகி, ஆறியபோது கோர்னியாவின் நடுவில் தழும்பு நின்றுவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. தம்பலகாமம், கந்தளாய், சேருவில, மூதூர் என்று நெல் விளையும் இடமெல்லாம் இந்தக் கதையைக் கேட்கலாம். பதர் இல்லாவிட்டால் நெல் இலையின் நுனி, அல்லது மாட்டின் வால். இவர்களில் பலருக்குக் கண்ணாடியோ சொட்டு மருந்தோ உதவாது. தெளிவான ஒரு கோர்னியா வேண்டும். அது இறந்த ஒருவரிடமிருந்துதான் வர வேண்டும். 2016 இல் வெளிவந்த ஓர் உலகளாவிய ஆய்வின் கணக்கு, தேவைப்படுகிற 70 பேருக்கு ஒரு கோர்னியாதான் கிடைக்கிறது என்கிறது. அந்த வயல்காரர் கொழும்பு கிளினிக்குக்குப் போய்வந்து காத்திருக்கிறார். அம்மாவின் கோர்னியா அவருக்கே போயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. யாரோ ஒருவருக்குப் போயிருக்கும்.

மக்கள்தான் முன்வருவதில்லை என்று கூட்டங்களில் சொல்கிறீர்கள். அது பாதி உண்மை. என் சின்னம்மா அன்றிரவு என்னைத் தனியே கூப்பிட்டு, "கண்ணில்லாமல் அனுப்பினால் அடுத்த பிறவியில குருடாய்ப் பிறப்பாவடா" என்று அழுதா. அம்மாவுக்கும் அவவுக்கும் இதில் நெடுநாள் வாக்குவாதம். சிவலிங்கத்தின் கண்ணில் இரத்தம் வடிந்ததைப் பார்த்துத் தன் கண்ணைப் பிடுங்கி அப்பியவரை நாயனார் என்று கும்பிடுகிற நாம், நாளை எரியப்போகிற கண்ணைக் கொடுக்கப் பயப்படுவதா என்பது அம்மாவின் கட்சி. எப்படியும் மறுநாள் சுடலையில் அந்தக் கண்கள் எரியத்தான் செய்தன. சின்னம்மா போன்றவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும், நோட்டீஸ் ஒட்டினால் போதாது.

முகம் கோரமாகிவிடும் என்பது இன்னொரு பயம். கோர்னியாவை மட்டும் எடுத்தாலும் சரி, முழுக் கண்ணை எடுத்தாலும் சரி, உள்ளே வளைந்த ஒரு பிளாஸ்டிக் மூடியை வைத்து இமையை மூடிவிடுவார்கள். பெட்டிக்குள் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. வயது போனவரின் கண் உதவாது, கண்ணாடி போட்டவரின் கண் உதவாது, சீனி வருத்தக்காரரின் கண் உதவாது என்றும் நம்புகிறார்கள். வெண்புரை சத்திரசிகிச்சை செய்தவர்கூடக் கொடுக்கலாம். விசர்நாய்க்கடி நோய், எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பி, சி, இரத்தப் புற்றுநோய், இரத்தத்தில் கிருமி பரவிய நிலை போன்றவைதான் தடை. கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் மக்களின் மார்க்க அறிஞர்களோடு பேசினீர்களா? இருபது நிமிட வேலை ஜனாஸா நல்லடக்கத்தைப் பிந்தவைக்காது என்பதையாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். அதற்கு மேல் அது அவர்கள் முடிவு, நான் பேசுவது முறையல்ல. ஆனால் ஒன்று. இவ்வளவு தயக்கத்தையும் தாண்டி ஒரு குடும்பம் சரி என்று சொல்லும்போது எதிரில் ஒருவரும் இல்லாவிட்டால், அந்தச் செய்தி ஊர் முழுக்கப் போகும். எங்கள் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். உங்கள் முகாமுக்கு ஆள் குறைவதற்கு அவர்களும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மரண விசாரணை நடக்க வேண்டிய மரணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீதி விபத்தில் இறக்கும் இளைஞர்களின் கோர்னியாக்கள் பெரும்பாலும் மிக நல்ல நிலையில் இருக்கும். ஆனால் மரண விசாரணை அதிகாரி வரும் வரை உடலைத் தொடக்கூடாது என்று இரவு முழுக்க வைத்துவிடுகிறார்கள். சட்ட வைத்திய அதிகாரிக்குக் கண் தேவைப்படலாம் என்பதும் உண்மையே. கண்ணுக்குள் இருக்கும் கூழ் போன்ற நீர்மத்தில் பொற்றாசியம் மரணத்துக்குப் பிறகு சீராகக் கூடிக்கொண்டு போகும், அதை அளந்து இறந்த நேரத்தைக் கணிப்பார்கள். ஆனால் கோர்னியா முன்பக்கத்து மெல்லிய படலம், அந்த நீர்மம் பின்னால் இருப்பது. யார் முதலில் எடுப்பது, எப்படி எடுப்பது என்று இரு தரப்பும் முன்கூட்டியே பேசி வைத்தால் இரண்டு வேலையும் நடக்கும். கொலை என்ற சந்தேகம் இருந்தால் எடுக்கவே வேண்டாம், அதில் பிரச்சினையில்லை. மற்ற மரணங்களுக்காவது ஒரு தொலைபேசி அழைப்பில் அனுமதி கிடைக்கும் ஏற்பாடு வேண்டும்.

ஆகவே நான் கேட்பவை இவை.

அடுத்த மாத முகாமைத் தள்ளி வையுங்கள், அல்லது அதற்கு முன் மாவட்டத்துக்கு ஓர் இரவு அணியை ஏற்படுத்துங்கள். குறைந்தது இரண்டு பேர், மாறி மாறி, விடுமுறை நாளிலும் பெருநாளிலும். அவர்களுக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு கொடுங்கள், இலவசமாகச் சேவை செய்யச் சொல்லாதீர்கள். அந்த அணிக்கு ஒரே ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கட்டும். அது ஒரு தனிமனிதரின் கையடக்கத் தொலைபேசியாக இருக்கக்கூடாது, ஆள் மாறினாலும் இலக்கம் மாறக்கூடாது. ஒவ்வொரு வாட்டிலும், பிரேத அறை வாசலிலும், பொலிஸ் நிலையங்களிலும், மலர்ச்சாலைகளிலும் அந்த இலக்கத்தை மூன்று மொழியில் எழுதி ஒட்டுங்கள். ஏற்கெனவே கொடுத்த பழைய அட்டைகளில் தவறான இலக்கம் இருந்தால், வாங்கியவர்களுக்கு அறிவித்து அட்டையை மாற்றிக் கொடுங்கள்.

மரணம் நிகழ்ந்தவுடன் இமையை மூடுவது, ஈரப் பஞ்சு வைப்பது, மின்விசிறியை நிறுத்துவது, தலையை உயர்த்துவது ஆகியவற்றைத் தாதியரின் வழமையான கடமைக் குறிப்பில் சேருங்கள். தானம் செய்பவர் என்று தெரிந்தால் மட்டும் என்றில்லை, எல்லோருக்கும் செய்யட்டும். குடும்பத்தார் தீர்மானிக்க எடுக்கும் நேரத்தில் கண் கெடாமல் இருக்கும். சம்மதத்தைக் கேட்பதற்கும் ஒருவரைப் பழக்குங்கள். அழுதுகொண்டிருக்கும் வீட்டாரிடம் எப்படிக் கேட்பது என்பது இலேசான காரியமல்ல. தமிழ்ப் படிவம் ஒவ்வொரு வாட்டு மேசையிலும் இருக்க வேண்டும். தானம் செய்பவரின் உடலுக்குக் குளிர்ப் பெட்டியில் முன்னுரிமை வேண்டும். மரண விசாரணை அதிகாரிகள், சட்ட வைத்திய அதிகாரிகள், பொலிஸார் எல்லோரையும் ஒருமுறை ஒரே மேசையில் இருத்தி, இரவு அனுமதிக்கு எழுத்தில் ஒரு நடைமுறை தயாரியுங்கள்.

ஒவ்வொரு வருடமும் ஒரு கணக்கை வெளியிடுங்கள். இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் அட்டை வாங்கினார்கள், எத்தனை குடும்பங்கள் அழைத்தன, எத்தனை கண்கள் எடுக்கப்பட்டன, எடுக்க முடியாமல் போனவை எத்தனை, ஏன். முகாமில் சேர்ந்த கையெழுத்துகளை எண்ணிப் படம் எடுத்துப் போடுகிறீர்கள், இதையும் எண்ணலாம். கண் எடுக்கப்பட்ட குடும்பத்துக்கு, பெற்றவரின் பெயர் வேண்டாம், பயன்பட்டதா இல்லையா என்று ஒரு கடிதம் அனுப்புங்கள். பயன்படாமல் போனாலும் அனுப்புங்கள்.

இந்த மடலுக்கு முகாம் நாளுக்கு முன் பதில் தேவை. "கவனத்தில் எடுக்கப்படும்" என்று வேண்டாம். இரவு அணியின் இலக்கம், அது இயங்கத் தொடங்கும் திகதி, பொறுப்பான பதவி ஆகிய மூன்றையும் எழுத்தில், தமிழில், பத்திரிகையிலும் வரும்படி அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விஞ்ஞான ஆசிரியர்,
திருகோணமலை